5 சுவிட்சுகளைத் தேடி: 33 முனை மின்பகிர்மான வலையில் பரிணாம அல்காரிதம்

மின்பகிர்மானத் திட்டமிடலில் பரிணாம அல்காரிதங்களைப் (உயிரினங்களின் பரிணாமத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாக விடையைத் தேடும் கணினி முறைகளை) பற்றிப் படிக்க இறங்கும் எவரும் ஒரு சிறிய வலையமைப்பைச் சந்திக்காமல் போக முடியாது. 12.66 கிலோவோல்ட், ஒரே துணைமின் நிலையம், 33 முனைகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த மெசுட் பாரன், ஃபீலிக்ஸ் வூ இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்ற வலை இது. அன்றிலிருந்து இந்தத் துறையில் புதிதாக எந்த முறை வந்தாலும் முதலில் இதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்த 5 லைன்களின் சுவிட்சுகளைத் திறந்து வைத்தால் மின் இழப்பு ஆகக் குறையும் என்பதுதான் கேள்வி. விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த விடையை ஒரு அல்காரிதம் எப்படி எட்டுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால், நம் ஊர் 11 கிலோவோல்ட் ஃபீடர்களுக்கும் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் பகிர்மான லைன்களுக்கும்) பயன்படும் பாடங்கள் நிறைய உண்டு. அதனால்தான் இந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

வலையும் சிக்கலும்

முனை 1 துணைமின் நிலையம். அங்கிருந்து முனை 18 வரை ஒரு நீண்ட முதன்மை லைன். முனை 2இல் ஒரு கிளை பிரிந்து 19, 20, 21, 22 எனப் போகிறது. முனை 3இல் பிரியும் கிளை 23, 24, 25. முனை 6இல் பிரிவது 26 முதல் 33 வரை. இவற்றை இணைக்கும், 1 முதல் 32 வரை எண்ணிட்ட 32 லைன்களிலும் மின்சாரம் ஓடுகிறது. இவை போக, வழக்கமாகத் திறந்தே வைத்திருக்கும் 5 இணைப்புகள் உண்டு (திறந்தால் மின்சாரம் ஓடாது, மூடினால் ஓடும்). அவற்றின் எண்கள் 33 முதல் 37 வரை. 33ஆம் இணைப்பு முனை 8ஐ 21உடன் சேர்க்கும். 34 என்பது 9க்கும் 15க்கும் நடுவே, 35 என்பது 12க்கும் 22க்கும் நடுவே, 36 என்பது 18க்கும் 33க்கும் நடுவே, 37 என்பது 25க்கும் 29க்கும் நடுவே.

மொத்தச் சுமை 3,715 கிலோவாட், 2,300 கிலோவார் (வேலை செய்யாமல் லைனில் வந்து போகும் எதிர்வினைத் திறனின் அலகு). இந்த நிலையில் லைன்களில் வெப்பமாக வீணாவது சுமார் 202.7 கிலோவாட், அதாவது சுமையில் ஐந்தரை சதவீதம். கடைக்கோடியில் இருக்கும் முனை 18இல் மின்னழுத்தம், இருக்க வேண்டியதில் 0.913 பங்குக்கு இறங்கிவிடுகிறது.

புதிதாக ஒரு கம்பம்கூட நடாமல் இந்த இழப்பைக் குறைக்கலாம். திறந்திருக்கும் இணைப்புகளில் சிலவற்றை மூடிவிட்டு, அதே எண்ணிக்கையில் வேறு லைன்களைத் திறந்தால் போதும், மின்சாரம் பாயும் பாதை மாறிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: வலை எப்போதும் ஆர அமைப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் துணைமின் நிலையத்திலிருந்து ஒரே ஒரு பாதைதான் இருக்கலாம். கண்ணி (சுற்றி வந்து மூடிக்கொள்ளும் பாதை) உருவாகக் கூடாது, எந்த முனையும் இருட்டில் நிற்கக் கூடாது. இது வெறும் கணித வசதிக்காக வைத்த விதி அல்ல. ஃபியூஸ், ரிலே எல்லாம் பழுது மின்னோட்டம் ஒரே திசையிலிருந்து வரும் என்று எண்ணித்தான் அமைக்கப்படுகின்றன. கண்ணியாக ஓட்டினால் எது முதலில் டிரிப் ஆக வேண்டும் என்ற கணக்கே குழம்பிவிடும்.

கண்ணால் பார்த்தாலே ஒரு யோசனை தோன்றும். 19 முதல் 22 வரையுள்ள கிளை துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரிகிறது. அதில் முனைக்கு 90 கிலோவாட்டாக மொத்தம் 360 கிலோவாட்தான் சுமை. முதன்மை லைனோ மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், நெரிசலான லைனிலிருந்து கொஞ்சம் சுமையைக் காலியான லைனுக்குத் தள்ளினாலே நல்ல பலன் கிடைக்கும். எவ்வளவு தள்ளுவது, எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் சிக்கல்.

எத்தனை வழிகள்?

37 லைன்கள், ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்று வைத்தால் 2இன் 37ஆம் அடுக்கு, அதாவது சுமார் 13,744 கோடி நிலைகள். சரி, திறந்திருப்பது எப்போதும் 5தான் என்று கட்டினால் 4,35,897. அவற்றிலும் ஆர அமைப்பாக அமைபவை 50,751 மட்டுமே.

இந்தக் கடைசி எண்ணை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மின்சுற்று விதிகளைத் தந்த அதே கிர்க்காஃப் 1847இல் ஒரு வலைக்குள் எத்தனை மரங்களை (கண்ணி இல்லாமல் எல்லா முனைகளையும் சேர்க்கும் அமைப்புகளை) வரையலாம் என்று கணக்கிடவும் வழி தந்துவிட்டார். இந்த வலையில் 5 சுயேச்சையான கண்ணிகள் இருப்பதால், ஐந்துக்கு ஐந்து அணி ஒன்றின் அணிக்கோவையைக் கண்டுபிடித்தால் 50,751 வந்துவிடும். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். புதிதாக ஒரு வலையைக் கையில் எடுப்பவர்கள் அல்காரிதம் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேடப்போகும் இடம் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் தேடல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

4,35,897இல் 50,751 என்றால் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு 5 லைன்களைத் திறந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு முனை இருட்டாகிவிடும், இன்னொரு பக்கம் கண்ணி மிஞ்சும். பரிணாம அல்காரிதத்தின் தலையெழுத்தை இந்த விகிதம்தான் தீர்மானிக்கிறது.

1975இலிருந்து 1992 வரை

1975இல் மெர்லின், பேக் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை முதலில் முறையாக எழுதினார்கள். எல்லா இணைப்புகளையும் மூடிய வலையிலிருந்து தொடங்கி, லைன்களைத் திறந்துகொண்டே ஆர அமைப்புக்கு வருவது அவர்கள் வழி. 1988இல் சிவன்லார் குழு எதிர்த்திசையில் போனது: இருக்கும் ஆர அமைப்பில் ஒரு இணைப்பை மூடு, அதே கண்ணியில் ஒரு லைனைத் திற, இழப்பு குறைந்தால் வைத்துக்கொள். வேகமான முறை. ஆனால் ஒவ்வொரு அடியும் உடனடி லாபம் தர வேண்டும் என்று கேட்பதால், ஓரளவு நல்ல இடத்தில் போய் நின்றுவிடும். அதைவிட நல்ல இடத்துக்குப் போக நடுவில் கொஞ்சம் இழப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தால் அந்த முறைக்கு வழி இல்லை.

மெர்லின், பேக் எழுதிய அதே 1975இல்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட், பரிணாம அல்காரிதங்களில் ஒரு வகையான மரபணு அல்காரிதத்துக்கான அடித்தளத்தை நூலாக வெளியிட்டார். இரண்டும் சந்திக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1992இல் ஜப்பானின் கோயிச்சி நாரா குழு, இழப்பைக் குறைக்கும் சுவிட்ச் அமைப்பைத் தேட மரபணு அல்காரிதத்தைப் பயன்படுத்திக் காட்டியது.

அடிப்படை எளிது. ஒரு திட்டத்தை எண்களின் வரிசையாக எழுதினால் அது ஒரு குரோமோசோம். அப்படிப் பல திட்டங்கள் சேர்ந்தால் ஒரு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் இழப்பைக் கணக்கிட்டு, குறைவாக இழப்பவற்றுக்கு அடுத்த தலைமுறையில் கூடுதல் இடம் தருகிறோம். இரண்டு திட்டங்களின் பகுதிகளைக் கலந்து புதிய திட்டம் பிறக்கிறது. இடையிடையே ஏதாவது ஒரு எண் தற்செயலாக மாறும். கூட்டமாகத் தேடுவதால் ஒரே குழியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து குறைகிறது. சிக்காது என்று உத்தரவாதம் கிடையாது, ஆபத்து குறைகிறது, அவ்வளவுதான்.

இரண்டு நல்ல பெற்றோர், ஒரு கெட்ட பிள்ளை

எல்லாமே குரோமோசோமை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

5 கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு லைனைத் திறந்தால் போதும் என்று எண்ணி, கண்ணிக்கு ஓர் எண்ணாக 5 எண்களில் குரோமோசோம் எழுதுகிறோம் என்று வையுங்கள். 37 பிட்டுகளை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் திட்டம்: 7, 9, 14, 32, 37 ஆகிய லைன்கள் திறந்திருக்கின்றன. இரண்டாவது திட்டம்: 7, 35, 10, 32, 37. இரண்டும் முறையான ஆர அமைப்புகள், வரைந்து பார்த்தாலே தெரியும். இப்போது முதல் திட்டத்தின் முதல் இரண்டு எண்களையும் இரண்டாவதன் கடைசி மூன்றையும் எடுத்து ஒட்டுவோம். பிறப்பது 7, 9, 10, 32, 37.

9ஆம் லைன் முனை 9ஐயும் 10ஐயும் சேர்ப்பது. 10ஆம் லைன் முனை 10ஐயும் 11ஐயும் சேர்ப்பது. இரண்டையும் திறந்தால் முனை 10க்கு மின்சாரம் வர வழியே இல்லை. அங்கிருக்கும் 60 கிலோவாட் சுமை அணைந்துவிட்டது. அதே நேரத்தில் 8, 9, 15, 14, 13, 12, 22, 21 வழியாகச் சுற்றி மீண்டும் 8க்கே வரும் ஒரு கண்ணி மூடியே கிடக்கிறது. தவறுகள் இரண்டும் ஒரே பிள்ளையில் வந்து சேர்ந்துவிட்டன.

காரணம் என்ன? 9, 10, 11 ஆகிய லைன்கள் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் இரண்டுக்கும் பொதுவானவை. ஒரு கண்ணியின் கணக்கில் 9ஐயும் அடுத்ததன் கணக்கில் 10ஐயும் திறந்தால், ஒரே துண்டில் இரண்டு வெட்டு விழுகிறது.

இதைச் சமாளிக்கப் பொதுவாக மூன்று வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, தவறான பிள்ளைக்குப் பெரிய அபராதம் போட்டு விட்டுவிடுவது. அபராதத்தைக் குறைவாக வைத்தால், ஒரு பெரிய சுமையை இருட்டில் தள்ளிவிட்ட திட்டம் இழப்பு குறைந்ததுபோல் காட்டிக்கொண்டு முன்னுக்கு வரும். சுமையே இல்லாவிட்டால் இழப்பும் குறையத்தானே செய்யும்! கூட்டி வைத்தால், பல பிள்ளைகள் செத்துப் பிறக்கும் கூட்டத்தில் கணினி நேரமெல்லாம் வீண். இந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது, பொதுத் துண்டில் இரண்டு வெட்டு கூடாது, ஒரு சந்திப்பில் சேரும் எல்லாத் துண்டுகளையும் ஒருசேரத் திறக்கக் கூடாது என்று விதிகள் எழுதி, மீறும் பிள்ளையைத் திருத்துவது. வேலை செய்யும். ஆனால் வலை பெரிதாகப் பெரிதாக விதிப் பட்டியலும் நீண்டுகொண்டே போகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. குரோமோசோமில் திறந்த லைன்களுக்குப் பதிலாக மூடிய லைன்களை, அதாவது மரத்தையே எழுதுவது. 2003இல் குந்தர் ரைடலும் பிரையன்ட் ஜூல்ஸ்ட்ராமும் மரங்களுக்கான பொதுவான குறியீடாக இதை விளக்கினார்கள். கலப்பு இப்படி நடக்கும்: பெற்றோர் இருவரிடமும் மூடியிருக்கும் லைன்களை முதலில் அப்படியே எடுத்துக்கொள். மிச்சத்தை, ஒருவரிடமாவது மூடியிருக்கும் லைன்களிலிருந்து, கண்ணி உண்டாகாதபடி ஒவ்வொன்றாகச் சேர்.

மேலே சொன்ன அதே பெற்றோரை இதில் போட்டுப் பார்க்கலாம். இருவரிடமும் திறந்திருப்பவை 7, 32, 37. அவை திறந்தே இருக்கும். கருத்து வேறுபாடு 9, 10, 14, 35 என்ற நான்கில் மட்டுமே. இந்த நான்கில் இரண்டை மூட வேண்டும். ஆறு வழிகள் உண்டு. 14ஐயும் 35ஐயும் சேர்த்து மூடும் வழியில் மட்டும் கண்ணி உருவாகும், அதைக் கலப்பு முறையே தடுத்துவிடும். மீதி ஐந்து வழிகளில் எது வந்தாலும் முறையான திட்டம்தான். இரண்டு பெற்றோரைப் போலவே இருக்கும், மூன்று புதியவை. ஒரு பிள்ளைகூட வீண் போகவில்லை. தடுக்கப்பட்ட அந்த ஒன்று எது தெரியுமா? முனை 10ஐ இருட்டாக்கிய அதே 7, 9, 10, 32, 37.

இங்கே புத்திசாலித்தனம் பரிணாமத்தில் இல்லை. ஆர அமைப்பு என்ற மின் விதியைப் பிள்ளை பிறக்கும் முறைக்குள்ளேயே வைத்துவிட்டதில் இருக்கிறது. கூட்டத்தின் அளவு, மாற்ற விகிதம் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவற்றைச் சரிசெய்து கிடைக்கும் லாபம், நல்ல குறியீட்டால் கிடைக்கும் லாபத்தின் அருகில்கூட வராது.

விடை

சிறந்த அமைப்பு 7, 9, 14, 32, 37 திறந்திருப்பது. இழப்பு 202.7இலிருந்து சுமார் 139.6 கிலோவாட்டுக்கு இறங்குகிறது, 31 சதவீதக் குறைவு. மிகத் தாழ்ந்த மின்னழுத்தம் 0.913இலிருந்து 0.938க்கு ஏறுகிறது. அந்த இடமும் முனை 18இலிருந்து 32க்கு மாறிவிடுகிறது.

பாதையைப் பாருங்கள். முனை 7க்கும் 8க்கும் நடுவே முதன்மை லைன் வெட்டப்பட்டுவிட்டது. 8க்கு இப்போது 2, 19, 20, 21 வழியாக மின்சாரம் வருகிறது, நாம் கண்ணால் பார்த்து ஊகித்த அந்தக் காலிக் கிளை வழியாக. முனை 10 முதல் 14 வரை 22வது முனையிலிருந்து பெறுகின்றன. 15 முதல் 18 வரையும், அதோடு முனை 33உம், 9வது முனை வழியாக வருகின்றன. பழைய இணைப்புகளில் 37 மட்டும் திறந்தே நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு: 24, 25 இரண்டு முனைகளிலும் தலா 420 கிலோவாட் சுமை. அந்தக் கிளை ஏற்கெனவே கணிசமான சுமையைச் சுமக்கிறது.

ஆண்டுக் கணக்கு போடும்போது எச்சரிக்கை வேண்டும். மிச்சமாகும் 63 கிலோவாட்டை 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் ஐந்தரை லட்சம் யூனிட் என்று வரும். ஆனால் உச்சச் சுமை ஆண்டு முழுவதும் இருக்காது. சுமை பாதியானால் இழப்பு ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும். சுமை வளைவு இல்லாமல் ஆண்டுச் சேமிப்பைச் சொல்லும் எந்த அறிக்கையையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 50,751 திட்டங்கள் என்பது இன்றைய சாதாரணக் கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கடைசி முனையிலிருந்து மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, திரும்ப முன்னிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிட்டால் இழப்பு தெரிந்துவிடும். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தே விடையைக் கண்டுபிடிக்கலாம். 2012இல் ஜாபர், சிங், பால் மூவரும் குவிவு நிரலாக்கம் (convex programming) என்ற கணித முறையில், கிடைத்த விடை சிறந்ததுதான் என்ற உறுதியோடு தீர்க்கும் வழியையும் கொடுத்துவிட்டார்கள். பரிணாம அல்காரிதத்தால் அந்த உறுதியைத் தர முடியாது. 33 முனை வலையில் வென்றேன் என்பது ஒரு சோதனைச் சான்று, அதற்கு மேல் எடை இல்லை.

அப்படியானால் பரிணாம அல்காரிதம் எதற்கு?

சுவிட்சுக்கு அப்பால்

மேலே வந்த 0.938ஐ மறுபடி பாருங்கள். இருக்கும் லைன்களை வைத்துக்கொண்டு இழப்பை ஆகக் குறைக்கும் அமைப்பிலும் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்தே இருக்கிறது. 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் பகிர்மான நிறுவனத்துக்கு இது போதாது. சுவிட்சுகளை மட்டும் திருப்பி அந்த 5 சதவீத வரம்புக்குள் வர முடியாது. திட்டமிடல் என்பது இங்கேதான் தொடங்குகிறது: கெபாசிட்டர் வைக்கலாமா, கம்பியை மாற்றலாமா, இன்னொரு துணைமின் நிலையம் போடலாமா?

முனை 30இல் 200 கிலோவாட்டுக்கு 600 கிலோவார் சுமை இருக்கிறது. கிலோவாரை அந்த இடத்திலேயே தந்துவிடும் கெபாசிட்டருக்கு அதைவிடக் கை காட்டி அழைக்கும் இடம் கிடையாது. ஆனால் எத்தனை கிலோவார், ஒரே இடத்திலா இரண்டு இடத்திலா என்று கேட்டவுடன் சுவிட்ச் அமைப்பும் மாறிவிடக்கூடும். இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

கம்பியையும் சேர்த்துக்கொள்வோம். நம் நாட்டு 11 கிலோவோல்ட் லைன்களில் வழக்கமாக ஓடும் அலுமினியக் கம்பிகளுக்கு வீசல், ராபிட், டாக் என்று பெயர். கிலோமீட்டருக்கு மின்தடை முறையே சுமார் 0.91, 0.54, 0.27 ஓம். மூடிய 32 லைன்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றில் ஒன்று என்றால் 3இன் 32ஆம் அடுக்கு, சுமார் 1,853 லட்சம் கோடி வழிகள். அதை 50,751 அமைப்புகளால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் பேச்சு இங்கே முடிந்துவிடுகிறது. துணைமின் நிலையத்திலிருந்து விலகிப் போகப் போகக் கம்பி தடிமனாகக் கூடாது என்ற ஒரு நடைமுறை விதியைக் குறியீட்டில் சேர்த்தால் இந்த எண் வெகுவாகச் சுருங்கும். மறுபடியும் குறியீடுதான் கைகொடுக்கிறது.

செலவும் வழவழப்பான வளைவாக இருக்காது. கம்பம், கம்பி, மின்மாற்றி எல்லாம் படிப்படியாகத் தாவும் விலைகள். இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கம். 1998இல் ஸ்பெயினின் ராமிரெஸ் ரொசாடோ, பெர்னல் அகுஸ்தின் இருவரும் துணைமின் நிலையங்கள், ஃபீடர்கள் ஆகியவற்றின் இடத்தையும் அளவையும் மரபணு அல்காரிதத்தால் தேடியபோது, அதன் முக்கிய வசதியே இதுதான்: நேர்கோட்டுக்கு வளைத்துத் தோராயம் செய்யாமல், உண்மையான செலவை அப்படியே மதிப்பிட முடிந்தது. அதற்கு முன் 1994இல் போர்ச்சுகலின் போர்ட்டோவில் விளாடிமிரோ மிராண்டா குழு காலத்தையும் உள்ளே கொண்டுவந்திருந்தது: எந்த லைனை இப்போது போடுவது, எதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவது என்பதும் குரோமோசோமின் பகுதியானது. சுமை எங்கே வளரும் என்று தெரியாத புறநகர்ப் பகுதிகளுக்கு இந்தக் கால வரிசைதான் உயிர்நாடி.

செலவு, இழப்பு, மின்வெட்டு நேரம் மூன்றையும் ஒரே ரூபாய்க் கணக்காக்க முடியாதபோது, பல குறிக்கோள்களைத் தனித்தனியாகவே வைத்துத் தேடும் முறைகள் வந்தன. அவற்றில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 2002இல் ஐஐடி கான்பூரிலிருந்து கல்யாண்மாய் தேவ் குழு வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2. அது ஒரே விடையைத் தராது. ஒன்றில் விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றில் முன்னேற முடியாத திட்டங்களின் வரிசையைத் தரும். தேர்ந்தெடுப்பது பொறியாளர் கையில்.

கடைசித் தலைமுறையைப் படிப்பது

இந்த வசதி 33 முனை வலையிலேயே தெரியும். தேடல் முடிந்ததும் முதலிடத்து விடையை மட்டும் எழுதிக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவது பெரிய விரயம். இரண்டாமிடம் மூன்றாமிடங்களையும் பார்க்க வேண்டும். 9க்குப் பதிலாக 10ஐத் திறக்கும் 7, 10, 14, 32, 37 என்ற அமைப்பு அங்கே நிற்கும். நாம் கலப்பில் பார்த்த மூன்று புதிய பிள்ளைகளில் ஒன்று அது. சில படிப்படியான முறைகள் இந்த வலையில் வந்து நின்றுவிடுகிற இடமும் அதுதான். இழப்பு சுமார் 140.3 கிலோவாட், சிறந்ததைவிட முக்கால் கிலோவாட் மட்டுமே அதிகம். ஆண்டு முழுக்க உச்சச் சுமை என்று வைத்தாலும் 6,400 யூனிட்டைத் தாண்டாது.

களத்தில் 9ஆம் லைனின் ஏபி சுவிட்ச் (கம்பத்தில் ஏற்றி, கையால் திறந்து மூடும் சுவிட்ச்) வயலுக்கு நடுவே, மழைக்காலத்தில் ஜீப் போக முடியாத இடத்தில் இருந்து, 10ஆம் லைனுடையது சாலையோரம் இருந்தால், நான் 10ஐத்தான் திறப்பேன். பழுது வந்த இரவில் லைன்மேன் அந்தச் சுவிட்சுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் எந்த இழப்புச் சமன்பாட்டிலும் இல்லை. அதை இன்னொரு குறிக்கோளாக, ஒவ்வொரு சுவிட்சுக்கும் இத்தனை நிமிடம் என்று அல்காரிதத்துக்குக் கொடுக்கலாம். அந்த நிமிடங்களைக் கேட்டு வாங்க வேண்டியது பிரிவு அலுவலகத்தில், லைனில் நடந்து பழகியவர்களிடம்.